அம்புக்குறி முளைத்த கால்கள்

மஞ்சணத்தியூரில் அம்புக்குறி முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஊர்க் கிணற்றின் அடியில், அஞ்சல் பெட்டியின் அடியில், கிளை நூலகத்துக் கதவின் அடியில், எல்லாவற்றிலும் இடது மூலை பார்த்து, தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டமும் அதற்குள் வளைந்து மேலே ஏறுகிற ஒரு நீல அம்பும் இருந்தன. கட்சிக்காரர்கள் இரவோடு இரவாக எழுதிய சின்னம் என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவர்களுக்கு மண்ணெண்ணெய்தான் வீணாயிற்று. மத்தியானத்துக்குள் அது மனிதர்களின் இடது கணுக்காலிலும் வந்துவிட்டது. எல்லாருக்கும் வந்திருந்தால் ஊர் அதை ஒரு தேமல் மாதிரி எடுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கும். நாலு பேரில் ஒருவருக்குத்தான் வந்தது, வினையே அங்கேதான்.

அந்தக் குறியை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தவர்கள் எல்லாரும் பதிவாளர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் இருந்த 'பூரணம் கம்ப்யூட்டர்ஸ்' வாசலில்தான் போய் நின்றார்கள். பத்து வருஷமாக அங்கே மனு டைப் அடித்து, சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டு, புகைப்படம் ஒட்டி, ஊரின் பாதிப் பேருடைய ஆதார் எண்ணை மனப்பாடமாகவே வைத்திருக்கிற உலகம்மாள், பிரிண்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வராமலே திரையைத் திருப்பிக் காட்டினாள். திரையில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொரு படத்தின் இடது மூலையிலும் அதே கட்டம், அதே அம்பு.

"இது ஷார்ட்கட்டு. ஃபைலு இது இல்ல. ஃபைலு உள்ள வேற எங்கனயோ ஒரு ஃபோல்டர்ல பத்திரமா இருக்கும். இதத் தொட்டா அது திறக்கும், அவ்வளவுதான். அம்பு போட்டிருந்தா அசல் இங்க இல்லன்னு அர்த்தம்" என்றாள்.

இதை அவள் எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. பட்டா மாறுதல் மனுவை டைப் அடிக்கச் சொல்லிவிட்டு, தானே கெட்டிக்காரத்தனமாக முகப்பில் தெரிந்த அம்புக்குறிப் படத்தைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஜில்லா ஆபீஸ் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே திறக்கவில்லை என்று தொங்கிய முகத்தோடு திரும்பி வருகிற ஆள், வாரத்துக்கு ஒருவராவது மஞ்சணத்தியூரில் உண்டு. வழிகாட்டுகிற பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஊர் கூடவே வருமா என்று உலகம்மாள் திட்டுவாள், திட்டிவிட்டு அசலை ஏற்றிக் கொடுப்பாள். இப்போது அந்தத் திட்டு ஊருக்கே சட்டமாகிவிட்டது. அம்பு இருந்தால் அசல் இங்கே இல்லை.

அம்பு வந்ததால் யாருடைய வேலையும் நிற்கவில்லை. கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர் வந்தது, அது மட்டும் இந்த ஊர்த் தண்ணீர் மாதிரி இல்லாமல் எங்கோ ஒரு மலையடிவாரத்து ருசியோடு வந்தது. நூலகக் கதவைத் திறந்தால் புத்தகம் இருந்தது, உள்ளே யாரோ வேறு பாஷையில் மெதுவாக இருமினார்கள். இதற்கெல்லாம் ஊர் நாலு நாளில் பழகிவிட்டது. மனிதர்களுக்கு வந்த அம்புக்குத்தான் பழக முடியவில்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன் இடது பின்னங்குளம்பைத் தூக்கிப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்வதை விட்டுவிட்டுப் புடவையை ஒரு சாண் தூக்கச் சொன்னார்கள், பெண் வீட்டார் பதிலுக்கு மாப்பிள்ளையின் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலர் வாரிசுச் சான்றிதழுக்கு வந்தவரின் காலைக் குனிந்து பார்த்து, "அசலக் கூட்டிட்டு வாங்க, நகலுக்கெல்லாம் நான் கையெழுத்து போட முடியாது" என்று அனுப்பிவிட்டார். அசல் எங்கே இருக்கிறது என்று தெரியாத அந்த மனிதர் மூன்று நாள் தன்னைத்தானே தேடி அலைந்தார்.

கம்ப்யூட்டரில் வலப்பக்கப் பட்டனை அழுத்தி விவரம் கேட்டால் ஷார்ட்கட் தன் இலக்கு எது, அது எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்று முழு விலாசத்தையும் சொல்லிவிடும். உலகம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்ன இதைப் பிடித்துக்கொண்டு, அம்பு வந்தவரின் வலது தோளில் ஒரு தட்டுத் தட்டி, கையை எடுக்காமல் அழுத்திப் பார்த்தாள் யாரோ ஒருத்தி. அம்பு வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, பெரிதிலிருந்து சிறிது வரை, மாநிலம், ஊர், தெரு, கதவு எண், அறை என்று தன் உயிர் இருக்கிற இடத்தை ஒப்பித்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? அந்த வாரம் மஞ்சணத்தியூரில் தோளுக்குத் துண்டு போடாமல் யாரும் வெளியே வரவில்லை. தலையாரி சம்சாரத்தின் உயிர் தாம்பரத்தில் ஒரு மூன்றாவது மாடியில் பேரன் தொட்டிலுக்குக் கீழே இருந்தது. கணக்கு வாத்தியாரின் உயிர் பக்கத்து ஊர்ச் சீட்டாட்ட மன்றத்தில் இருந்தது ஊருக்கே முன்னமே தெரியும், எந்த மேசை என்பதுதான் வாத்தியார் மனைவிக்குப் புதுச் செய்தி. புருஷன் பெண்டாட்டியை, மாமியார் மருமகளை, முதலாளி கணக்குப்பிள்ளையைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் நடக்கவே ஊர் பயந்தது.

ஊரில் தன் வீட்டு ஆளின் தோளைத் தட்டாத ஒரே பெண்பிள்ளை உலகம்மாள்தான். அவள் புருஷன் நல்லபெருமாளின் இடது கணுக்காலில் முதல் நாளே அம்பு வந்துவிட்டது. அதை அவன் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்தாள், பார்த்த உடனே கடைக்குப் போய் ஒரு டஜன் சாக்ஸ் வாங்கி வந்தாள், "காலுல பித்தவெடிப்பு இருக்குல்லா, போட்டுக்கிடுங்க" என்றாள். சித்திரை வெயிலில் கைலியும் சாக்ஸுமாக அவன் தெருவில் நடந்தால் ஊருக்கு மூக்கில் வியர்க்காதா என்ன?

நல்லபெருமாள் மஸ்கட்டில் பதினோரு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்தான். இடையில் மூன்று முறை விடுமுறைக்கு வந்துபோனதோடு சரி. வந்த நாளிலிருந்தே உலகம்மாளுக்கு அவன் மேல் ஒரு சந்தேகம். கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டான். வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்தவனாக நின்றான். தினமும் மத்தியானம் மூன்று மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழத்தெருப் பக்கம் போனான், எங்கே என்று கேட்டால் "சும்மா" என்றான். கீழத்தெருவில் ஒன்பதாம் நம்பர் வீட்டில் ஜெயசீலி இருந்தாள், தையல் மிஷின் வைத்திருப்பவள், புருஷனை இழந்தவள், உலகம்மாள் வயசுதான். கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிறவர்கள் மனுவோடு இந்தச் செய்தியையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காலை ஏழரைக்குக் கடையைத் திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டுகிற உலகம்மாளுக்கு அவன் பின்னாலேயே போய்ப் பார்க்க நேரமில்லை, மணிக்கு ஒரு முறை போன் போட்டு "எங்க இருக்கீங்க" என்று கேட்பாள். தோளைத் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மஸ்கட்டா, ஒன்பதாம் நம்பரா என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் சந்தேகப்படுவதில் ஒரு சௌகரியம் இருந்தது, அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் கிணறு வெளுத்தது. சுற்றுச்சுவர், ராட்டினம், கயிறு எல்லாம் எழுதாத தாள் மாதிரி ஆகி, வாளி விட்டால் காற்றோடு மேலே வந்தது. அதன் அசல் இருந்த மலையில் யாரோ ஊற்றை அடைத்திருக்க வேண்டும். அடுத்து அஞ்சல் பெட்டி வெளுத்தது, அதற்கடுத்து ஆட்கள். வெளுத்த ஆள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார், முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருக்கும், கண்ணுக்குள்ளே ஒரு சின்ன டார்ச் வெளிச்சம் இடமும் வலமும் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். இலக்கு இடம் மாறிவிட்டது, இல்லை பெயர் மாறிவிட்டது, இல்லை அழிந்தேவிட்டது, ஷார்ட்கட் உடைந்தால் காரணம் இந்த மூன்றில் ஒன்றுதான் என்றாள் உலகம்மாள்.

உடைந்ததின் தோளைத் தட்டினால் அது பழைய விலாசத்தைச் சொல்லிவிட்டு, ஆபீஸ் குமாஸ்தா குரலில் ஒரு கேள்வியும் கேட்டது. "அது அங்கே இல்லை. அளவு, தேதி, இனம் பார்த்ததில் கிட்டத்தட்ட ஒத்து வருவது இன்னொன்று இருக்கிறது. அதோடு சேர்த்துவிடவா?" பக்கத்தில் இருப்பவர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். பால்காரர் பூதத்தான் தன் எருமையை விற்ற மறுநாள் வெளுத்துப்போனார், பயந்துபோன அவர் மனைவி கேள்வி முடிவதற்குள் "சரி சரி" என்றுவிட்டாள். பூதத்தானுக்கு நிறம் திரும்பிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் ஆறு மைல் தள்ளி, முன்பின் தெரியாத ஒருவர் தொழுவத்தில், அதே வயசும் அதே எடையும் உள்ள ஓர் எருமைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். கூப்பிடப் போன மனைவியிடம், "நீங்க யாரும்மா, பாலுக்கு வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

வெளுத்தவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஊராட்சித் தலைவர் திரவியம் கூட்டம் போட்டார். உலகம்மாளை மேடைக்கே கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார்.

"நீ சொல்லும்மா. உடைஞ்ச ஷார்ட்கட்ட அழிச்சா அசலுக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"ஆகாது தலைவரே" என்றாள் உலகம்மாள். ஊரே தன் வாயைப் பார்க்கிறது என்கிற மிதப்பு அவளுக்கு அன்று இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. "அழிச்சா அசலுக்கு ஒண்ணுமே ஆகாது. வேணுங்கிறப்ப புதுசா ஒண்ணு போட்டுக்கிடலாம். உடைஞ்சத வச்சிருந்தா முகப்புல அடசல்தான்."

அவள் சொன்னது கம்ப்யூட்டருக்கு நூற்றுக்கு நூறு சரி. கூட்டம் கை தட்டியது. வெள்ளிக்கிழமை தோறும் டிராக்டர் வரும், வெளுத்ததையெல்லாம் ஏற்றி, திரிகிற மாடுகளை அடைத்துவைக்கிற பழைய மாட்டுப் பவுண்டில் போடும், மாதக் கடைசியில் பவுண்டு காலி செய்யப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. காலி செய்வது என்றால் என்ன என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, மேடையில் உட்கார்ந்திருந்தவளும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த நல்லபெருமாளின் கை பாதியில் நின்றது. உலகம்மாள் சென்டர் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது டம்ளருக்கும் டவராவுக்கும் நடுவில் காப்பி கீழே ஒழுகிக்கொண்டிருந்தது, அவன் சட்டை, கைலி, மீசை, மூன்று மாதமாக அவள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அந்த முகம் எல்லாம் வெள்ளை. கண்ணுக்குள் டார்ச் தேட ஆரம்பித்திருந்தது.

"இங்கேருங்க. இங்கேருங்க, என்னன்னு சொல்லுங்க" என்று உலுக்கினாள். ஊருக்கெல்லாம் காரணம் சொன்னவளுக்கு அப்போது ஒரு காரணமும் நினைவு வரவில்லை.

நல்லபெருமாளின் அக்கா செல்லக்கனி அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்தாள். மேலத்தெரு முனையில் டிராக்டர் சத்தம் கேட்டது, வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு பெண்களும் அவன் மேல் ஒரு போர்வையைப் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, சென்டருக்குக் கொண்டுவந்து ஷட்டரை இறக்கினார்கள். பூட்டிய கடையில் தேட மாட்டார்கள் என்பது உலகம்மாளின் எண்ணம். அவனை வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒரு மாதமாகத் தொடாத அந்த வலது தோளைப் பார்த்தபடி நின்றாள்.

"தட்டுட்டி" என்றாள் செல்லக்கனி. "எங்க இருந்தா என்ன, எவகிட்ட இருந்தா என்ன? எந்தம்பி உசிரோட இருந்தாப் போதும் எனக்கு."

உலகம்மாள் தட்டினாள். கையை அழுத்தினாள். அவன் கண்கள் மூடின. மஸ்கட் என்று சொல்லப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தமிழ்நாடு" என்றான் நல்லபெருமாள். "மஞ்சணத்தியூர். கீழத்தெரு."

செல்லக்கனி வாயில் கை வைத்தாள். உலகம்மாள் கையை எடுக்காமல் இன்னும் அழுத்தினாள்.

"பதினாலாம் நம்பர். ஓட்டு வீடு. அடுக்களைக்கு அடுத்த அறை. ஜன்னல் பக்கம். உலகு."

அந்தப் பெயரில் அவளை அழைக்க உலகத்தில் இவன் ஒருவன்தான் உண்டு. கீழத்தெரு பதினாலாம் நம்பர் அவர்கள் கல்யாணம் ஆகிக் குடிபோன வீடு. அவன் மஸ்கட் போன நாலாவது வருஷம் அவள்தான் அதை இடித்து விற்றாள், மேலத்தெருவில் மாடி வீடு கட்டினாள், போனில் சொன்னாள், அவனும் "நல்லது" என்றான். அந்த இடத்தில் இப்போது டயர் கடை இருக்கிறது, மிச்சம் நின்ற ஜன்னல் பக்கத்து ஒற்றைச் சுவரையும் கடைக்காரர் நேற்றுத்தான் இடித்துத் தள்ளியிருந்தார். தினமும் மூன்று மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் போய் நின்றது அங்கேதான், ஒன்பதாம் நம்பரில் இல்லை. அவன் உயிரை வேறெங்கோ கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவள் வேவு பார்த்தாளே, அதை இருந்த இடத்திலிருந்து நகர்த்தியது அவளேதான். அவள் வாய்விட்டு அழுதாள், செல்லக்கனிக்கு முன்னால் அழக்கூடாது என்று நினைக்கக்கூடத் தோன்றவில்லை.

நல்லபெருமாளின் வாயிலிருந்து குமாஸ்தா குரல் வந்தது. "அது அங்கே இல்லை. அளவு, தேதி, இனம் பார்த்ததில் கிட்டத்தட்ட ஒத்து வருவது, கீழத்தெரு, ஒன்பதாம் நம்பர், முன்னறை, தையல் மிஷின் பக்கம், ஜெயசீலி. அதோடு சேர்த்துவிடவா?"

வெளியே டிராக்டர் பதிவாளர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. செல்லக்கனி தம்பியின் வெள்ளை முகத்தைப் பார்த்தாள், ஷட்டரைப் பார்த்தாள். "ச…" என்று வாயைத் திறந்தாள்.

உலகம்மாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "வேண்டாம்!" என்று கத்தினாள். "மதினி, கால்ல விழுதேன், சொல்லிராதிய. கிட்டத்தட்ட வேண்டாம். நான் கையாலயே சரி பண்ணுதேன்."

"பவுண்டுல கொண்டு போட்டுட்டா என்னட்டி செய்வே?" என்றாள் செல்லக்கனி, வாய் விடுபட்டதும். "அந்தப் புள்ளயாச்சும் அவனுக்குச் சோறு போடுவா. நீ என்னைக்கு அவன்கூட இருந்து ஒரு வாய் சாப்புட்ட?"

உலகம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். உடைந்த ஷார்ட்கட்டைக் கையால் சரிசெய்வதில் மந்திரம் ஒன்றுமில்லை, பழைய விலாசத்தை அழித்துவிட்டு, பொருள் இப்போது எங்கே இருக்கிறதோ அந்த விலாசத்தை எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும். உலகம்மாள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தமிழ்நாடு, மஞ்சணத்தியூர், மேலத்தெரு, முப்பத்தொண்ணாம் நம்பர், மாடி வீடு, படுக்கை அறை, உலகு."

அவன் கண்ணுக்குள் வெளிச்சம் அங்குமிங்கும் ஓடியது. "அங்கே இல்லை" என்றது குரல்.

"மாடி வீடு, அடுக்களை, உலகு."

"அங்கே இல்லை."

"மாடி வீடு, சாமி அறை. மாடி வீடு, வாசல் நடை. மாடி வீடு, துணி காயப் போடுத மொட்டைமாடி." ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் போய்த் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அவள் பார்த்துப் பார்த்து, ஓட்டு வீட்டை விற்று, கான்கிரீட் ஊற்றி, டைல்ஸ் ஒட்டிய அந்த வீட்டில் ஓர் அறையில்கூட அவள் இல்லை. ஷட்டரை யாரோ தட்டினார்கள். "உள்ள வெள்ள ஏதும் கிடக்கா?" என்று திரவியத்தின் குரல் கேட்டது. "மேடம், நீங்களே இப்படிப் பூட்டிக்கிட்டா ஊருக்கு யாரு சொல்லுவா?"

செல்லக்கனி தம்பிக்கும் ஷட்டருக்கும் நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். உலகம்மாள் கண்ணை மூடினாள். பொய் விலாசம் கொடுத்தால் எந்த ஷார்ட்கட்டும் திறக்காது என்று அவளுக்குத்தான் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னாள்.

"தமிழ்நாடு. மஞ்சணத்தியூர். பதிவாளர் ஆபீஸ் எதிர்வரிசை. பூரணம் கம்ப்யூட்டர்ஸ். பிரிண்டருக்குப் பின்னால, நாற்காலி. உலகு."

வெளிச்சம் ஒரு முறை இடப்பக்கம் போயிற்று, ஒரு முறை வலப்பக்கம் வந்தது, அப்புறம் அவள் முகத்தின் மேல் வந்து நின்றுவிட்டது. முதலில் மீசை கறுத்தது, பிறகு கைலியின் கட்டங்களில் பச்சை ஏறியது, பிறகு முகம் வந்தது. திரவியம் ஷட்டரைத் தூக்கி உள்ளே தலையை நீட்டினார், பெஞ்சில் நிறத்தோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துவிட்டு, "அட, மாப்பிள்ளையா" என்று சொல்லிப் போய்விட்டார்.

நல்லபெருமாள் சுற்றிலும் பார்த்தான். அடுக்கிய தாள் கட்டுகள், மூலையில் அவள் தனியாகச் சாப்பிடுகிற தூக்குவாளி, நாற்காலியில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிப்போன தலையணை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஊருக்குத் திரும்பி வந்த மூன்று மாதத்தில் அவன் இந்தக் கடைக்குள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

"இங்கனயா இருக்கே உலகு?" என்றான். குரலில் கோபம் ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "மூணு மாசமா நான் உன்ன வீட்டுலல்லா தேடுதேன்."